மூன்று நாளில் வந்துவிடலாம் என்று பூட்டிய வீடுகள்

டார்க் ரூம்: வாசகர் கேள்விகளும் எக்ஸ்ரேக்காரர் பதில்களும்

போன இதழில் ஏதோ ஒரு பதிலுக்கு நடுவே, 2019-ல், உக்ரைனில் அணு உலை வெடித்த செர்னோபில் பக்கம் ஒரு காலி கிராமத்துக்குள் நடந்ததைப் பற்றி இரண்டு வரி எழுதிவிட்டேன். முழங்கால் வலி, கழுத்து எலும்பு தேய்வு, எக்ஸ்ரே எடுத்தால் முடி கொட்டுமா என்று வழக்கமாக வரும் கடிதங்களெல்லாம் ஒதுங்கிக்கொண்டு, இந்த மாதம் வந்ததில் முக்கால்வாசி அதைப் பற்றித்தான். ஆகவே இந்த இதழ் முழுக்க அந்த ஊர். முழங்கால்காரர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அங்கே எதற்குப் போனீர்கள்? காசு கொடுத்து யாராவது கதிர்வீச்சை வாங்குவார்களா?
(ஒரு வாசகர், மேலப்பாளையம்)

என் மகள் உக்ரைனில் டாக்டருக்குப் படித்தாள். 2019 ஜூனில் பட்டமளிப்பு. நானும் வீட்டுக்காரியும் போயிருந்தோம். தலைநகர் கீவிலிருந்து வேனில் இரண்டு மணி நேரத்தில் கதிர்வீச்சால் ஜனங்களை வெளியேற்றி அடைத்துவைத்த செர்னோபில் விலக்கு மண்டலத்தின் வாசல் வந்துவிடும். 2011-லிருந்து அரசே முறையாகச் சுற்றுலாவுக்குத் திறந்துவிட்டிருந்தது. காலையில் போய் ராத்திரி திரும்ப ஆளுக்குக் கிட்டத்தட்ட 100 டாலர்.

முப்பத்து நாலு வருஷம் கதிர்வீச்சோடு குடித்தனம் நடத்தியவன் நான். தினமும் அதைச் சுவிட்ச் போட்டு வரவழைத்து, சுவிட்சை அணைத்து அனுப்பியிருக்கிறேன். அணைத்தும் போகாமல் உட்கார்ந்துகொண்ட இடம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை. மகளும் கூட வந்தாள். வீட்டுக்காரி வரவில்லை. "போயிட்டு வாங்க. வந்து வெளியிலேயே குளிச்சிட்டு உள்ள வாங்க" என்றாள், துட்டி வீட்டுக்குப் போகிறவனிடம் சொல்வதுபோல. ஐந்தாவது மாடி வாடகை அறையில் வெளியே எங்கே குளிப்பது?

அந்தக் கிராமம் எப்படி இருந்தது? படங்களில் ராட்டினமும் அடுக்குமாடி வீடுகளும்தான் காட்டுகிறார்கள்.
(கல்லூரி மாணவி, தென்காசி)

அம்மா, நீங்கள் பார்த்தது பிரிப்யாத். அணுமின் நிலைய ஊழியர்களுக்காக 1970-ல் உண்டாக்கிய நகரம். 1986 ஏப்ரல் 26 பின்னிரவு 1.23-க்கு நான்காவது உலை வெடித்தது. மறுநாள் மதியம் 2 மணிக்குத்தான் நகரத்தைக் காலி செய்ய ஆரம்பித்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பஸ்களில் ஏறக்குறைய 49,000 பேர். வெடித்ததற்கும் பஸ் வந்ததற்கும் நடுவே ஒன்றரை நாள். அந்த ஒன்றரை நாளும் பிள்ளைகள் தெருவில் விளையாடிக்கொண்டுதான் இருந்தார்கள். தற்காலிகமாகத்தான் போகிறோம் என்று அறிவிப்பு. மூன்று நாளில் திரும்பிவிடலாம் என்றே பலரும் நம்பினார்கள்.

சுற்றியிருந்த கிராமங்களின் முறை மே மாதத் தொடக்கத்தில் வந்தது. அந்த ஒரு வருஷத்தில் மட்டும் வெளியேறியவர்கள் ஏறக்குறைய 1,16,000 பேர்.

நான் சொன்ன கிராமம் ஸலீஸ்யா. செர்னோபில் டவுனுக்குக் கொஞ்சம் முன்னால், தார் ரோட்டை ஒட்டியே இருக்கிறது. வேனை நிறுத்தி வழிகாட்டிப் பையன் "இதுதான் மெயின் ரோடு" என்று கைகாட்டினான். எனக்கு மரங்கள்தான் தெரிந்தன. இரண்டு நிமிஷம் கண் பழகின பிறகுதான் மரங்களுக்குப் பின்னால் சன்னல் தெரிந்தது. அப்புறம் இன்னொரு சன்னல். தெரு முழுக்க வீடுகள். நாம்தான் பார்க்காமல் நின்றிருக்கிறோம்.

போட்டது போட்டபடி கிடக்கிறது என்று எழுதுகிறார்களே, அது பாதிக்குமேல் கதை. கழற்ற முடிந்ததையெல்லாம் யாரோ என்றைக்கோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். காசு தேறாததுதான் மிச்சம். கட்டடங்களுக்குள் நுழையக் கூடாது என்பது சட்டம். வழிகாட்டிப் பையன் சட்டம் சொல்லிவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். நான் ஒரு வீட்டின் வாசல்படி வரை போனேன்.

நம் ஊர் வீட்டுக்குத் தார்சா, பட்டாசல், அடுக்களை என்று இருக்கிற மாதிரி அங்கேயும் ஒரு கணக்கு உண்டு. நுழைந்ததும் சின்ன இடைகழி. அடுத்த அறையில் பாதியை அடைத்துக்கொண்டு வெள்ளையடித்த செங்கல் அடுப்பு. சமையலும் அதில்தான், குளிருக்குக் காய்வதும் அதில்தான், கிழவர்கள் படுப்பதும் அதன் மேல்தான். கூரை ஒரு மூலையில் இறங்கி, அடுப்பின் மேல் மண் விழுந்து, அதில் ஒரு பிர்ச் செடி முழங்கால் உயரம் நின்றது. சன்னல் கட்டையில் ஊறுகாய் போடுகிற பெரிய கண்ணாடி ஜாடிகள் மூன்று. ஒன்றில் மழைத்தண்ணீர், அதில் புழு. சுவர்க் காகிதம் உரிந்து தொங்க, அடியில் பழைய செய்தித்தாள் ஒட்டியிருந்தது. மகள் எட்டிப் பார்த்துத் தேதியை வாசித்தாள்: 1978. கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு கோட் ஹேங்கர் தொங்கியது. கோட் இல்லை.

தெருக்கோடியில் கலாச்சார மன்றம் என்று ஒரு கட்டடம். அதன் மேடைக்கு மேலே, கம்யூனிசம் வாழ்க, மனிதகுலத்தின் ஒளிமயமான எதிர்காலம் வாழ்க என்று பெரிய எழுத்தில் இன்னும் இருக்கிறது. தரைப்பலகை மக்கிக் குழிவிழுந்து கிடக்கிறது.

பேய், ஆவி நடமாட்டம் உண்டா?
(பெயர் வேண்டாம் என்றவர், ஆலங்குளம்)

இல்லை. கொசு உண்டு. நம் கொசுவைவிடப் பெரிசு.

எவ்வளவு கதிர்வீச்சு வாங்கினீர்கள்? உடம்புக்கு ஏதும் ஆகவில்லையா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், அம்பாசமுத்திரம்)

வாடகைக்கு ஒரு மீட்டர் கொடுத்தார்கள். சாயந்திரம் அது காட்டிய மொத்தக் கணக்கு 3 மைக்ரோசீவெர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). ஆஸ்பத்திரியில் நெஞ்சு எக்ஸ்ரே ஒன்று எடுத்தால் 20 மைக்ரோசீவெர்ட் அளவுக்கு வரும். வயிற்றுக்கு எடுக்கிற சிடி ஸ்கேன் 8,000 வாக்கில் போகும். ஆக, "எதற்கும் இருக்கட்டும், ஒரு ஸ்கேன் எழுதுங்க டாக்டர்" என்று கேட்டு வாங்குகிறீர்களே, அந்தக் கணக்குக்கு நான் இரண்டாயிரம் தடவைக்கு மேல் செர்னோபில் போய்வரலாம்.

இதை வைத்து அந்த இடம் ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. என் சர்வீசில் நடந்ததைச் சொல்கிறேன். எங்களுக்குச் சட்டையில் குத்திக்கொள்ள டிஎல்டி பேட்ஜ் என்று ஒன்று உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை லேபுக்கு அனுப்பிக் கணக்குப் பார்ப்பார்கள். ஒரு தடவை என் பேட்ஜில் ஏகப்பட்டது ஏறியிருக்கிறது என்று கடிதம் வந்து, விளக்கம் கேட்டு, நான் ராத்திரி தூங்கவில்லை. கடைசியில் பார்த்தால், புழுக்கம் தாங்காமல் பேட்ஜோடு சட்டையைக் கழற்றி எக்ஸ்ரே அறைக்குள்ளேயே ஆணியில் மாட்டிவிட்டு, பனியனுக்கு மேல் ஈய ஏப்ரனைப் போட்டுக்கொண்டு வேலை பார்த்திருக்கிறேன். கதிர்வீச்சு வாங்கியது சட்டை. மெமோ வாங்கியது நான்.

அன்றைக்குப் படித்த பாடம் செர்னோபிலில் உதவியது. மீட்டர் தான் இருக்கும் இடத்தைத்தான் சொல்லும். கோப்பாச்சி என்ற ஊரில் பாதையில் நின்றால் 0.2 காட்டியது. நாலடி தள்ளி ஒரு மரத்தடி மண்ணருகே பிடித்ததும் மணிக்கு 7 மைக்ரோசீவெர்ட் என்று கத்தியது. கண்ணுக்கு இரண்டும் ஒரே மண், ஒரே சருகு. அதனால்தான் முழுக்கை சட்டை, மூடிய ஷூ, வெளியில் எதையும் தின்னாதே, தரையில் உட்காராதே, பையைக் கீழே வைக்காதே என்று அத்தனை விதி. வெளியிலிருந்து அடிப்பது வெளியே வந்தால் நின்றுபோகும். தூசி வாய்வழி உள்ளே போனால் நம்மோடு வீட்டுக்கு வரும். நான் பழக்கதோஷத்தில் மஞ்சப்பையைப் புல்லில் வைத்துவிட்டு ஷூ நாடாவைக் கட்டக் குனிந்தேன். வழிகாட்டிப் பையன் ஓடிவந்து திட்டிய திட்டு ரஷ்ய மொழியில் இருந்தது. மகள் மொழிபெயர்க்கவில்லை.

முப்பது வருஷத்துக்கு மேலாகியும் ஏன் குடியேற முடியவில்லை?
(விவசாயி, சேரன்மகாதேவி)

வெடிப்பில் பரவிய கதிர்வீசும் பொருட்களில் முதலில் கெடுத்தது அயோடின் 131. எட்டு நாளில் பாதியாகக் குறைந்துவிடும் சரக்கு. ஆனால் அந்தக் கொஞ்ச நாளில் புல்லில் விழுந்து, பசு தின்று, பாலில் இறங்கி, பிள்ளைகளின் தைராய்டில் போய் உட்கார்ந்துவிட்டது. பாலை நிறுத்தியிருந்தால் பெருமளவு தடுத்திருக்கலாம். பின்னால் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குத் தைராய்டு புற்றுநோய் வந்தது. இந்த விபத்தில் எனக்கு ஆறாத கோபம் அந்தப் பால் விஷயத்தில்தான்.

இப்போது மண்ணில் இருப்பது முக்கியமாக சீசியம் 137. பாதியாக 30 வருஷம். எலும்பில் சுண்ணாம்பு மாதிரி போய்ச் சேரும் ஸ்ட்ரான்சியம் 90-க்கும் கிட்டத்தட்ட அதே கணக்குதான். 30 வருஷத்தில் பாதி என்றால் 60-ல் காலி என்று நினைக்காதீர்கள். 60-ல் கால்வாசி, 90-ல் அரைக்கால். நம் கணக்கில் சொன்னால், கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டது 1799. அன்றைக்கு ஒரு வயலில் சீசியம் விழுந்திருந்தால், இன்றைக்கும் அதில் ஏறக்குறைய 180-ல் ஒரு பங்கு மிச்சம் இருக்கும். உலைக்குப் பக்கத்தில் சில இடங்களில் புளூட்டோனியமும் உண்டு. அதற்குப் பாதியாக 24,000 வருஷம். அதற்கு ஒப்பிட நம்மிடம் ராஜா யாரும் இல்லை.

ஊருக்கு ஊர் வித்தியாசமும் உண்டு, அண்ணாச்சி. ஸலீஸ்யாவில் மீட்டர் கீவ் நகரம் அளவுக்குத்தான் காட்டியது. ஆனால் ஊர் என்றால் நடந்துபோவது மட்டுமா? உழவேண்டும், காளான் பறிக்கவேண்டும், மாடு மேயவேண்டும். காடும் காளானும் சீசியத்தை விடாமல் பிடித்துவைத்திருக்கின்றன.

அந்த ஊர்க்காரர்கள் அப்புறம் திரும்பிப் போகவே இல்லையா?
(பாட்டி ஒருவர் சொல்லி, பேத்தி எழுதியது, களக்காடு)

போனார்கள், ஆச்சி. அரசு வேறு இடத்தில் கொடுத்த வீட்டில் மனசு ஒட்டாமல், வேலியைத் தாண்டியும் காட்டுவழியாகவும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அவரவர் கிராமத்துக்கே போய்விட்டார்கள். பெரும்பாலும் வயதானவர்கள், அதிலும் பெண்கள். 'சமொசேலி' என்று பெயர், தானாகக் குடியேறியவர்கள் என்று அர்த்தம். முதலில் விரட்டிப் பார்த்த அரசு அப்புறம் கண்டும் காணாமல் விட்டுவிட்டது. நான் போன ஸலீஸ்யாவில்கூடச் சில வருஷம் முன்பு வரை ஒரு பாட்டி தன்னந்தனியாக இருந்திருக்கிறார். நான் போனபோது மண்டலம் முழுவதிலுமே இருநூறு பேருக்கும் குறைவு.

மற்றவர்களும் வருஷத்துக்கு ஒருமுறை வருவார்கள். ஈஸ்டர் முடிந்ததும் முன்னோர் கல்லறைகளுக்குப் போகிற வழக்கம் அங்கே உண்டு. அந்த நாட்களில் ஊர்க்காரர்களுக்கு வாசலைத் திறந்துவிடுவார்கள். ரொட்டி, சாயம் பூசிய முட்டை எல்லாம் கொண்டுவந்து கல்லறையில் வைத்து, அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்களாம். நான் போனது அது முடிந்து ஒரு மாதத்துக்கு மேல். தெருவெல்லாம் காடாகக் கிடந்த ஊரில் இடுகாடு மட்டும் புல் வெட்டி, வேலிக்கு நீலப் பெயின்ட் அடித்துச் சுத்தமாக இருந்தது. சிலுவைகளில் பூவேலை செய்த துண்டுகளைக் கட்டியிருந்தார்கள். மழையில் சிவப்பு நூல் சாயம் இறங்கி வெள்ளைத் துணி ரோஸ் நிறமாகியிருந்தது.

உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை, பங்குனி உத்திரத்துக்கு நம்மவர்கள் குலதெய்வமான சாஸ்தா கோயிலுக்குப் போவது அதேதான். பம்பாயில் பிறந்து வளர்ந்த பிள்ளைகூட "நம்ம சாஸ்தா எது?" என்று கேட்டு, பஸ் போகாத ஏதோ ஒரு குளத்தங்கரைக்கு வந்து பொங்கல் வைத்துவிட்டுப் போகிறான். அந்த ஊரில் அவனுக்கு வீடும் இல்லை, வயலும் இல்லை. இதை வழிகாட்டிப் பையனிடம் சொன்னேன். அவன் பாட்டியும் மண்டலத்துக்குள் இருந்த ஒரு கிராமம்தானாம். அதுவரை கணக்காகப் பேசிக்கொண்டிருந்தவன், அப்புறம் எங்களை அவசரப்படுத்தவே இல்லை.

நான் யூடியூபில் காலியான இடங்களைப் படம் பிடித்துப் போடுகிறேன். மாஞ்சோலைக்கு மேலே ஊத்து, நாலுமுக்கு லைன் வீடுகளை "தமிழ்நாட்டின் செர்னோபில்" என்று போடலாம் என்று இருக்கிறேன். உங்கள் அனுபவத்திலிருந்து ஏதாவது டிப்ஸ்?
(ஒரு தம்பி, விக்கிரமசிங்கபுரம்)

தம்பி, முதல் டிப்ஸ்: அந்தத் தலைப்பை விடு. அங்கே எதுவும் வெடிக்கவில்லை. அந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு 1929-ல் போட்ட 99 வருஷக் குத்தகை 2028-ல் முடிகிறது. 2024-லேயே வேலை நின்று, பல குடும்பங்கள் மலையிறங்கிவிட்டன. இறங்கியவர்கள் மணிமுத்தாறிலும் அம்பையிலும் நீ டீ குடிக்கிற கடையிலேயே உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் அடுக்களையில் நின்று "மர்மக் கிராமம்" என்று நீ பேசினால், அவர்கள் பிள்ளைகள் அதைப் போனில் பார்ப்பார்கள். வனத்துறை செக்போஸ்ட்டும் வழியில் இருக்கிறது என்பது தனிக் கதை.

கோப்பாச்சி என்று மேலே சொன்னேனே, அந்த ஊர் வீடுகளையெல்லாம் புல்டோசரால் இடித்து அங்கேயே புதைத்துவிட்டார்கள். வீட்டுக்கு ஒரு மண்மேடு, அதில் மஞ்சள் எச்சரிக்கை முக்கோணம். கதிர்வீச்சுச் சரக்கை நிலத்தடி நீருக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோய் வைத்த புத்திசாலித்தனம். மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு கட்டடங்களில் பாலர் பள்ளி ஒன்று. இரும்புக் கட்டில்கள், சுருள்கம்பி மட்டும். ஒரு கட்டிலில் கண் போன பொம்மை. எங்களுக்கு முன்னால் வந்த கோஷ்டியில் ஒருவன் அதை எடுத்துச் சன்னல் வெளிச்சம் படும்படி நிமிர்த்தி உட்காரவைத்துப் படமெடுத்ததை நானே பார்த்தேன். நீ இணையத்தில் பார்க்கிற பொம்மைப் படங்களில் எத்தனை அப்படியோ. உனக்கு நிஜமாகவே ஆர்வம் இருந்தால் கீழே இறங்கியவர்களிடம் போய்ப் பேசு. எந்த வீட்டில் யார் இருந்தார், எந்த மரத்தடியில் கோயில் கொடை நடந்தது என்று கேட்டு, அவர்களில் ஒருவரோடு மேலே போ. லைக் குறையும்.

நம்ம கூடங்குளத்திலும் இப்படி ஆகுமா? மழுப்பாமல் சொல்லவும்.
(ஒரு தாய், ராதாபுரம்)

அதே மாதிரி ஆகாது. செர்னோபிலில் இருந்தது கிராஃபைட் வைத்த ஆர்பிஎம்கே உலை, சில நிலைகளில் சூடேற ஏறத் தானே வேகமெடுக்கும் கோளாறு அதற்கு உண்டு. மேலே கெட்டியான கவசக் கூண்டும் கிடையாது. பாதுகாப்பு ஏற்பாடுகளை அணைத்துவைத்துச் சோதனை வேறு நடத்தினார்கள். கூடங்குளத்தில் இருப்பது தண்ணீர் வகை விவிஇஆர். கான்கிரீட் கூண்டு இருக்கிறது. உலை உருகினால் பிடித்துக்கொள்ள அடியில் ஓர் ஏற்பாடும் இருக்கிறது.

இத்தோடு நிறுத்தினால் அது மழுப்பல். ஃபுகுஷிமாவில் இருந்ததும் தண்ணீர் வகைதான். 2011 மார்ச் 11-ல் சுனாமி ஜெனரேட்டர்களை முக்கியது, குளிர்விக்கக் கரண்ட் இல்லை, மூன்று உலைகள் உருகின. அதைப் பார்த்துவிட்டு, 2004 சுனாமியையும் பார்த்த இடிந்தகரைக்காரர்கள் கேள்வி கேட்டதில் என்ன தப்பு? அவர்களை விவரம் தெரியாதவர்கள் என்றவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. உலையை மூடு என்று சொல்ல எனக்குப் படிப்பு போதாது. ஆனால் செர்னோபிலில் ஜனங்களை அதிகம் கெடுத்தது மறைத்த ஒன்றரை நாளும் நிறுத்தாத பாலும். அதனால் நீங்கள் கேட்கவேண்டியது இது: நிலையத்தைச் சுற்றி 16 கிலோமீட்டருக்கு அவசரத் திட்டம் உண்டு, அதில் என் தெருவுக்குப் பஸ் எங்கே வரும்? கதிர்வீசும் அயோடின் தைராய்டில் ஏறாமல் தடுக்கிற அயோடின் மாத்திரை யாரிடம் இருக்கும்? ராத்திரி ஒன்றரை மணிக்கு என் கதவை யார் தட்டுவார்? கிராமசபையில் எழுந்து நின்று கேளுங்கள். பதிலை எழுதி வாங்குங்கள்.

இப்போதும் போக முடியுமா?
(டிராவல்ஸ் நடத்துபவர், வண்ணார்பேட்டை)

முடியாது. 2022 பிப்ரவரி 24-ல் ரஷ்யப் படையின் ஒரு பகுதி அந்த மண்டலம் வழியாக உள்ளே வந்தது. மார்ச் கடைசி வரை அங்கேயே இருந்தது. அன்றிலிருந்து சுற்றுலா இல்லை. 2025 பிப்ரவரியில் உலையை மூடியிருக்கும் பெரிய எஃகுக் கூரையை டிரோன் ஒன்று துளைத்தது. ஜப்பானில் ஃபுகுஷிமா பக்கம் போகலாம். ஜோபன் ரயில் பாதை 2020 மார்ச்சில் முழுக்கத் திறந்துவிட்டது. ஃபுதாபா ஊரில் அருங்காட்சியகமும் இருக்கிறது. அங்கே சில ஊர்களுக்கு ஜனங்கள் திரும்பி வருகிறார்கள். வண்டி கட்டுவதாக இருந்தால் எனக்குக் கமிஷன் வேண்டாம், சன்னல் சீட் போதும்.

அங்கிருந்து ஞாபகார்த்தமாக என்ன கொண்டுவந்தீர்கள்?
(பள்ளி மாணவன், நாங்குநேரி)

ஒரு கூழாங்கல்கூட எடுக்கக் கூடாது, ராசா. வெளியே வரும்போது பஸ் ஸ்டாண்ட் எடை மிஷினைப் பெரிதாக்கின மாதிரி ஒன்றில் ஏறி, இரண்டு கையையும் பக்கவாட்டுத் தகட்டில் வைத்து நிற்கவேண்டும். பச்சை விளக்கு எரிந்தால் 'சுத்தம்'. சிவப்பு எரிந்தால் கழுவவைப்பார்கள், அப்படியும் போகவில்லை என்றால் ஷூவை அங்கேயே விட்டுவிட்டு வரவேண்டியதுதான். எனக்குப் பச்சை எரிந்தது. மஞ்சப்பைக்கும் பச்சைதான்.

இதையெல்லாம் வீட்டுக்காரியிடம் விளக்கமாகச் சொன்னேன். காதிலேயே வாங்கவில்லை. பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்ததும் அந்த ஷூவைக் குச்சியில் மாட்டி எடுத்துப்போய், மாடு இல்லாமல் சும்மா கிடக்கிற தொழுவத்தில் வைத்துவிட்டாள். அடுத்த மழைக்காலத்தில் எதிர்வீட்டு நாய் இடது ஷூவைக் கவ்விக்கொண்டு போனது. வலது இன்னும் அங்கேதான் கிடக்கிறது.